வந்தவர் தங்குவதற்கு: திறன்மிகு பணியாளர்களை ஒரு வட்டாரம் ஈர்த்துத் தக்கவைக்கும் முறை

"ஆள் கிடைப்பதில்லை" என்ற குரல் எழுந்தவுடன் பெரும்பாலான வட்டாரங்கள் முதலில் விளம்பரத்தில்தான் இறங்குகின்றன. ஓர் இணையதளம் தொடங்கப்படுகிறது, காணொளி எடுக்கப்படுகிறது, வேலைவாய்ப்பு முகாம் நடத்தப்படுகிறது. இவற்றால் ஆட்கள் வருவதும் உண்டு. ஆனால் வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் அங்கேயே இருக்கிறார்கள் என்று கேட்டால், அதற்குக் கணக்கு வைத்திருப்பவர்கள் அரிது. இந்தக் கட்டுரை உள்ளாட்சி அலுவலர்கள், தொழில் சங்கப் பொறுப்பாளர்கள், கல்வி நிலையத் தலைவர்கள், நடுத்தர அளவில் தொழில் நடத்துபவர்கள் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து செய்யக்கூடிய வேலையைப் பற்றியது. ஆகவே வரவழைப்பதைவிடத் தக்கவைப்பதற்கே இதில் அதிக இடம் தரப்பட்டுள்ளது.

தொடங்குமுன் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இங்கு வேலை செய்யும் ஒரு தேர்ந்த பணியாளர் நாளை இந்த வேலையை விட்டுவிட்டால், வீட்டையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றாமலே அடுத்த வேலையைப் பிடிக்க அவரால் முடியுமா? முடியும் என்றால் அவர் நிறுவனத்தை மாற்றினாலும் வட்டாரத்துக்கு இழப்பில்லை. முடியாது என்றால், மேலாளருடன் ஏற்படும் ஒரு மனக்கசப்பே ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போவதற்குப் போதுமான காரணமாகிவிடும். கீழே சொல்லப்படும் வழிமுறைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கான விடையை "முடியும்" என்ற பக்கத்துக்கு நகர்த்துவதற்கானவை.

போனவர்களை முதலில் எண்ணுங்கள்

ஆள் பற்றாக்குறை என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு சிக்கல்கள் ஒளிந்திருக்கும். வெல்டர் கிடைக்கவில்லை என்று ஒரு பட்டறை முறையிடும்போது, அந்தத் தொழிலைக் கற்றவர்களே வட்டாரத்தில் இல்லாமல் இருக்கலாம். கற்றவர்கள் இருந்தும் அந்தச் சம்பளத்துக்கு வர மறுக்கலாம். சம்பளம் ஏற்புடையதாக இருந்தும், இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பப் பேருந்து இல்லாமல் இருக்கலாம். முதல் சிக்கலுக்குப் பயிற்சி வகுப்பு பொருத்தமான தீர்வு. இரண்டாவதற்கும் பயிற்சி வகுப்பையே நடத்தினால், பயிற்சி பெற்றவர்கள் சான்றிதழோடு வெளியூர் போவதுதான் நடக்கும். மூன்றாவதற்கு ஒரு பேருந்துத் தடம் போதும். எது எந்த வகை என்று தெரியாமல் செலவழிக்கத் தொடங்குவதே இத்துறையில் நான் காணும் முதன்மையான தவறு.

எல்லாத் தொழில்களையும் ஒரே நேரத்தில் ஆராய வேண்டாம். வட்டாரத்துக்கு மிகவும் தேவைப்படும் இரண்டு அல்லது மூன்று பணிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: செவிலியர், சி.என்.சி. (கணினியால் கட்டுப்படுத்தப்படும்) இயந்திர இயக்குநர், மின்பராமரிப்பாளர் என்பது போல. அப்பணிகளில் ஆள் வைத்திருக்கும் எட்டுப் பத்து நிறுவனங்களிடமிருந்து, கடந்த இரண்டு ஆண்டுகளில் விலகியவர்களின் பட்டியலைப் பெறுங்கள். பணி, வயது, சேர்ந்த தேதி, விலகிய தேதி, தெரிந்தால் அடுத்துச் சென்ற இடம் ஆகியவை போதும். பிறகு, உரியவர்களின் இசைவைப் பழைய நிறுவனங்கள் வழியாகப் பெற்று, முப்பது நாற்பது பேரிடமாவது தொலைபேசியில் பேச வேண்டும். பேசுபவர் பழைய நிறுவனத்தைச் சேராதவராக இருப்பது இன்றியமையாதது. ஏனெனில் விலகல் கடிதத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதியவர், அதே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தால் அதையேதான் திரும்பவும் சொல்வார்.

கிடைக்கும் விடைகளைப் பணிக்காலத்தின்படி பிரித்துப் பார்த்தால் நிறையவே விளங்கும். சேர்ந்த சில மாதங்களில் போனவர்களிடம், வேலைக்கு எடுக்கும்போது சொல்லப்பட்டதும் வந்தபின் கண்டதும் பொருந்தவில்லை என்ற குறை அதிகம் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் போனவர்களுக்குப் பெரும்பாலும் வாழ்க்கைத்துணையின் வேலை, வீடு, குழந்தையின் பள்ளி ஆகியவை காரணமாக இருக்கும். அதற்கும் பின்னர் போனவர்கள், ஏறுவதற்கு அடுத்த படி இல்லை என்பதால் போயிருப்பார்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

வேர் உள்ளவர்களைத் தேடுங்கள்

எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத திறமைசாலியை வரவழைப்பதைவிட, ஏதோ ஒரு வகையில் வட்டாரத்தோடு தொடர்புடையவரை வரவழைப்பது எளிது. அவர் தங்குவதற்கான வாய்ப்பும் அதிகம். இதற்கு மிகத் தெளிவான சான்று மருத்துவத் துறையில் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்டு 2021-இல் புதுப்பித்த வழிகாட்டுதல்கள், ஊரகப் பகுதிகளுக்கு மருத்துவப் பணியாளர்கள் வேண்டுமென்றால் ஊரகப் பின்னணி கொண்ட மாணவர்களைச் சேர்க்கவும், பயிற்சியைப் பெருநகரங்களுக்கு வெளியே நடத்தவும் பரிந்துரைக்கின்றன. ஜப்பானின் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் 1972 முதல் இதைத்தான் செய்துவருகிறது. மாகாணந்தோறும் சில மாணவர்களைத் தேர்ந்து, கட்டணச் சுமையில்லாமல் படிக்கவைத்து, பட்டம் பெற்றபின் ஒன்பது ஆண்டுகள் சொந்த மாகாணத்தில் பணியாற்றச் செய்கிறது. கடப்பாட்டுக் காலம் முடிந்த பின்னரும் அவர்களுள் பெரும்பாலோர் அந்த மாகாணத்திலேயே தங்கிவிடுகிறார்கள் என்பதே இத்திட்டத்தின் உண்மையான வெற்றி. கனடாவில் தண்டர் பே, சட்பரி ஆகிய நகரங்களை மையமாகக் கொண்டு 2005-இல் திறக்கப்பட்ட வடக்கு ஒன்டாரியோ மருத்துவப் பள்ளியும், மாணவர்களை மூன்றாம் ஆண்டில் பல மாதங்கள் சிறு நகரங்களிலேயே வாழ்ந்து கற்கவைக்கிறது.

மருத்துவத்துக்குப் பொருந்துவது பிற தொழில்களுக்கும் பெருமளவு பொருந்தும். ஆகவே வட்டாரத்துப் பள்ளிகள், தொழிற்பயிற்சி நிலையங்கள், பாலிடெக்னிக்குகள் ஆகியவற்றிலிருந்து கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெளியேறி, இப்போது வேறிடத்தில் பணிபுரிபவர்களின் தொடர்புப் பட்டியலை, அவர்களின் இசைவோடு உருவாக்குங்கள். அந்தப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் ஆண்டு முழுவதும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். ஒருவர் திரும்பி வருவதைப் பற்றி எண்ணும் தருணங்கள் வாழ்வில் சிலவே: முதல் குழந்தை பள்ளியில் சேரும் ஆண்டு, பெற்றோருக்கு உடல்நலம் குன்றும் காலம், வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு மாற நினைக்கும் நேரம். அப்போது கையில் கிடைக்கும்படி, திறந்திருக்கும் பணியிடங்களின் பட்டியலும் பேசுவதற்கு ஒரு மனிதரும் இருந்தால் போதும். போர்ச்சுகல் 2019-இல் தொடங்கிய திட்டம், நாட்டைவிட்டுச் சென்றவர்கள் திரும்பிவந்தால் சில ஆண்டுகளுக்கு அவர்களின் வருமானத்தில் பாதிக்கு வரிவிலக்கு அளித்தது. ஆனால் அத்தகைய சலுகை ஏற்கெனவே திரும்ப எண்ணியவரை விரைவுபடுத்தும். எண்ணாதவரை எண்ணவைப்பது கடினம்.

வேரே இல்லாத வெளியாட்களும் வேண்டியிருக்கும். அவர்களிடம் நேரடியாக நிரந்தரக் குடியேற்றத்தைக் கேட்பதற்கு முன் வாழ்ந்து பார்க்க வாய்ப்பளிப்பது நல்லது. ஜப்பான் 2009 முதல் நடத்தும் வட்டாரப் புத்துயிர்ப்புப் பணியாளர் திட்டத்தில், நகரவாசிகள் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் ஒரு சிற்றூரில் ஊதியத்தோடு பணியாற்றுகிறார்கள். காலம் முடிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினர் அப்பகுதியிலேயே நிலைத்துவிடுகிறார்கள். நேர்காணலுக்கு அழைக்கும்போதே துணைவரையும் சேர்த்து இரண்டு நாள் தங்கவைத்து, வீடு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைச் சுற்றிக் காட்டுவது இதன் எளிய வடிவம். அதற்கு ஆகும் செலவு, ஆறு மாதத்தில் விலகிப்போகும் ஒருவருக்குப் பதில் ஆள் தேடும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

வேறு நாட்டில் அல்லது வேறு மாநிலத்தில் பெற்ற தகுதிகளை ஏற்பதில் தாமதம் இருந்தால், அதை முன்கூட்டியே களைய வேண்டும். ஜெர்மனி 2012-இல் இதற்கெனத் தனிச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து, வெளிநாட்டுத் தொழில்தகுதியை உள்நாட்டுத் தகுதியோடு ஒப்பிட்டு மதிப்பிடக் கோரும் உரிமையை அளித்தது. செவிலியர் ஒருவர் பதிவுக்காக ஓராண்டு காத்திருந்தால், அந்த ஓராண்டில் அவரை வேறொரு வட்டாரம் அழைத்துச் சென்றுவிடும்.

வீட்டில் இன்னொருவர் இருக்கிறார்

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நிறுவனம் ஒரு தனிமனிதரைப் பார்க்கிறது. ஊருக்கு வருவதோ ஒரு குடும்பம். டோரா கோஸ்டா, மேத்யூ கான் ஆகிய பொருளியலாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, கணவன் மனைவி இருவரும் பட்டதாரிகளாக உள்ள குடும்பங்கள் 1940-க்கும் 1990-க்கும் இடையில் பெருநகரங்களில் மேலும் மேலும் குவிந்ததைக் காட்டியது. அவர்கள் தந்த முக்கிய விளக்கம், ஒரே ஊரில் இருவருக்கும் தகுந்த வேலை கிடைக்க வேண்டும் என்ற தேவை. சிறிய வட்டாரங்கள் போட்டியில் தோற்கும் இடம் இதுதான். சம்பளத்தைப் பத்து விழுக்காடு உயர்த்தினாலும், துணைவரின் சம்பளம் முழுவதும் போய்விடும் என்றால் அந்தக் குடும்பத்துக்கு அது நட்டக் கணக்கு.

இதற்கு ஒரு நிறுவனம் தனியாக எதுவும் செய்துவிட முடியாது. பத்து நிறுவனங்கள் சேர்ந்தால் முடியும். மருத்துவமனை, கல்லூரி, வங்கி, தொழிற்சாலை, உள்ளாட்சி அலுவலகம் போன்ற பெரிய வேலையளிப்போர் ஒரு பொது ஏற்பாட்டுக்கு வரலாம். எவரேனும் ஒரு புதிய பணியாளரைத் தேர்வு செய்தவுடன், துணைவரின் தன்விவரக் குறிப்பை, அவருடைய இசைவோடு, மற்ற எல்லாருக்கும் அனுப்புவது. பெறுபவர்கள் இரண்டு வாரங்களுக்குள் "நேர்காணலுக்கு அழைக்கிறோம்" அல்லது "இப்போது இடமில்லை" என்று கட்டாயம் விடை தருவது. வேலைக்கு உத்தரவாதம் அளிக்க வேண்டியதில்லை, அளிக்கவும் கூடாது. தகுதி பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பொதுத்துறை அலுவலகங்களில் பணி நியமனத்துக்கு வேறு விதிகள் இருக்கும் என்பதால், அவை தகவல் தருவதோடு நின்றுகொள்ளலாம். இந்த ஏற்பாட்டைக் கவனிக்க ஒரே ஒருவர், பகுதி நேரமாக இருந்தாலும், பெயர் குறித்துப் பொறுப்பில் அமர்த்தப்பட வேண்டும். குழுவிடம் ஒப்படைத்தால் மூன்றாம் மாதத்தில் மறக்கப்பட்டுவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் தைவானின் சின்சு அறிவியல் பூங்கா கவனிக்கத்தக்கது. 1980-இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்கா, அமெரிக்காவில் பணிபுரிந்த தைவான் பொறியாளர்களைத் திரும்ப அழைக்க முயன்றது. அவர்களின் பிள்ளைகளோ ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவர்கள். ஆகவே 1983-இல் அங்கு ஒரு பரிசோதனைப் பள்ளி நிறுவப்பட்டது. அதில் இருமொழிப் பிரிவும் உண்டு. ஆலைக்கு நிலமும் வரிச்சலுகையும் தருவது எல்லாருக்கும் தோன்றும். பொறியாளரின் எட்டு வயதுப் பிள்ளை எந்த வகுப்பில் உட்காரும் என்று யோசித்ததுதான் அங்கிருந்த திட்டமிடலின் நுட்பம்.

வீடு இதைவிடக் கடினமானது. நெதர்லாந்தின் ஐந்தோவன் வட்டாரம், பக்கத்து வெல்தோவனில் உள்ள, சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் வளர்ச்சியால் உலகெங்கிலுமிருந்து பொறியாளர்களை ஈர்த்தது. விளைவாக வீடுகளும் சாலைகளும் மின்கட்டமைப்பும் திணறின. அந்நிறுவனத்தின் விரிவாக்கம் நாட்டுக்கு வெளியே போய்விடலாம் என்ற நிலை வந்தபோது, 2024 மார்ச்சில் அந்நாட்டு அரசு வீட்டுவசதி, போக்குவரத்து, தொழில்நுட்பக் கல்வி முதலியவற்றுக்காகச் சுமார் 250 கோடி யூரோ அறிவிக்க வேண்டியதாயிற்று. உங்கள் வட்டாரத்தில் அவ்வளவு பணம் இருக்காது. செய்யக்கூடியது, ஆள் எடுக்கும் வேகத்தையும் வீடு கட்டப்படும் வேகத்தையும் ஆண்டுதோறும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பதும், புதியவர்கள் முதல் ஆறு மாதம் தங்கக்கூடிய வாடகை வீடுகள் சிலவற்றை நிறுவனங்கள் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துவைப்பதும் ஆகும். வெளியாட்களுக்கு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கும் வீட்டு உரிமையாளர்கள் எல்லா இடத்திலும் உண்டு. குத்தகைதாரர் ஒரு நிறுவனம் என்றால் அந்தத் தயக்கம் வெகுவாகக் குறைகிறது.

முதல் மூன்று மாதங்கள்

புதிய ஊரில் ஒருவர் சலித்துப்போவது பெரிய காரணங்களால் மட்டும் நடப்பதில்லை. வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு, வாகனப் பதிவு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விடுப்பு எடுத்து அலைந்தவர் மனத்தில் திரும்பிப்போகும் எண்ணம் அப்போதே விழுந்துவிடும். மேற்சொன்ன ஐந்தோவனில் இயங்கும் ஒரு மையம், வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் குடியேற்றத் துறை வேலையையும் நகராட்சிப் பதிவையும் ஒரே இடத்தில் முடித்துக்கொடுக்கிறது. கனடாவின் அட்லாண்டிக் மாகாணங்களில் 2017-இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2022-இல் நிரந்தரமாக்கப்பட்ட குடியேற்றத் திட்டத்தில், வருபவருக்கும் குடும்பத்துக்கும் குடியமர்வுத் திட்டம் ஒன்று கட்டாயம். வேலை தரும் நிறுவனமும் அதற்குத் துணைநிற்கக் கடமைப்பட்டது. உங்களிடம் மையம் இல்லாவிட்டாலும், அலுவலகங்களின் முகவரியும் தேவையான ஆவணங்களும் பொறுப்பானவரின் எண்ணும் கொண்ட இரண்டு பக்கத் தாளும், வாரம் ஒருமுறை அழைத்து விசாரிக்கும் ஒரு பழைய பணியாளரும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பணத்தை எப்போது கொடுப்பது

ஊக்கத்தொகை தருவதாக இருந்தால், அதை வரவுக்கான பரிசாகத் தராமல் தங்கிய காலத்துக்கு ஏற்பத் தருவது நல்லது. அமெரிக்காவின் டல்சா நகரில் 2018-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கிய திட்டம், தொலைவிலிருந்து பணிபுரிபவர்கள் அங்கு வந்து குறைந்தது ஓராண்டு வாழ்ந்தால் 10,000 டாலர் தந்தது. அவர்கள் வேலையைக் கையோடு கொண்டுவந்தவர்கள் என்பதால், உள்ளூரில் வேலை தேடித்தர வேண்டிய சுமை இல்லை. ஆனால் அந்தத் தொலைவேலை முடிந்துவிட்டால் மேலே கேட்ட பழைய கேள்வி திரும்பி வந்து நிற்கும். நார்வே 1990 முதல் வடகோடியிலுள்ள ஃபின்மார்க், வட திரோம்சு பகுதிகளில் வேறு முறையைக் கையாண்டது. அங்கு வாழ்ந்து பணிபுரிபவரின் கல்விக்கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற அளவில், ஓர் உச்சவரம்புக்குள் தள்ளுபடி செய்யப்பட்டது. ஆண்டுதோறும் சேரும் நன்மை என்பதால், "இன்னும் ஓராண்டு இருப்போம்" என்ற எண்ணத்தைத் தானாகவே தூண்டக்கூடிய அமைப்பு இது. கடன் தீர்வதற்குள் திருமணம், குழந்தை, நட்பு என்று வேர்கள் இறங்கிவிட வாய்ப்பும் உண்டு.

ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்கி, சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆட்களை நிறுத்திவைக்கும் பழக்கத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, நிபந்தனைகளை முன்கூட்டித் தெளிவாகச் சொல்லிப் பெறும் கடப்பாடு வேறு. விலக நினைப்பவரை மிரட்டுவது வேறு. பின்னது பத்திரம் முடியும் நாளன்றே எல்லாரும் வெளியேறுவதற்கு வழிவகுப்பதோடு, அந்த வட்டாரத்தின் பெயரையும் தொழில்வட்டத்தில் கெடுத்துவிடும்.

ஆட்கள் உள்ளூருக்குள் மாறுவதைத் தடுக்காதீர்கள்

வட்டாரத்து முதலாளிகள் கூடிப் பேசும்போது எப்போதும் எழும் ஒரு யோசனை, "உங்கள் ஆளை நான் எடுக்க மாட்டேன், என் ஆளை நீங்கள் எடுக்காதீர்கள்" என்பது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இது, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு "முடியாது" என்ற விடையை உறுதிப்படுத்திவிடுகிறது. பல நாடுகளில் இது சட்டப்படியும் குற்றமாகலாம். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி உள்ளிட்ட நிறுவனங்கள் இத்தகைய உடன்பாடு வைத்திருந்ததாக அமெரிக்க நீதித் துறை 2010-இல் வழக்குத் தொடர்ந்தது. பொறியாளர்கள் தொடுத்த வழக்கில் அந்த நான்கு நிறுவனங்களும் 41.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட தீர்வை 2015-இல் நீதிமன்றம் ஏற்றது. இத்தனைக்கும், முந்தைய வேலையளிப்பவருக்குப் போட்டியாளரிடம் சேரக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்னும் விதி கலிஃபோர்னியாவில் 1872 முதல் இருந்துவருகிறது. ஒருவர் எளிதாக அடுத்த தெருவிலுள்ள நிறுவனத்துக்கு மாற முடிந்ததே சிலிக்கான் பள்ளத்தாக்கில் பொறியாளர்கள் குவிந்ததற்கு ஒரு காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

ஆளை இழக்கும் நிறுவனத்தின் வருத்தம் புரிந்துகொள்ளத்தக்கதே. பயிற்சிச் செலவு செய்தவர் ஒருவர், பயனடைபவர் இன்னொருவர் என்றால் யாரும் பயிற்சி கொடுக்க மாட்டார்கள். அதற்கான தீர்வு, பயிற்சிச் செலவைப் பொதுவாக்குவது. சங்கத்தின் வழியாக எல்லாரும் பங்களிக்கும் ஒரு பயிற்சி நிதியும், தொழிற்பயிற்சி நிலையத்தில் கூட்டாக வாங்கிவைக்கும் நவீன இயந்திரங்களும் இருந்தால், பயிற்சி பெற்றவர் எந்த நிறுவனத்தில் இருந்தாலும் செலவு வட்டாரத்துக்குள்ளேயே பயன்படுகிறது. அதோடு, மூத்த பணிகள் காலியாகும்போது முதலில் வட்டாரத்துக்குள் அறிவிக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்துங்கள். பத்து ஆண்டு அனுபவமுள்ள சூப்பர்வைசருக்குத் தன் நிறுவனத்தில் அடுத்த படி இல்லையென்றால், அது பக்கத்து நிறுவனத்தில் இருப்பதையாவது அவர் அறிய வேண்டும்.

ஒரே பெரிய நிறுவனத்தை நம்பி நிற்கும் வட்டாரங்களுக்கு இது இன்னும் முக்கியம். சுவீடனின் வடக்கிலுள்ள செலெஃப்தியோ, நார்த்வோல்ட் மின்கல ஆலையை நம்பி உலகெங்கிலுமிருந்து ஆட்களை வரவழைத்து, வீடுகளைக் கட்டி, வளர்ச்சிக்குத் திட்டமிட்டது. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் சுவீடனில் திவால் மனு கொடுத்தது. வேலையோடு இணைந்த குடியிருப்பு அனுமதியில் வந்திருந்தவர்கள் குறுகிய காலத்துக்குள் வேறு வேலை தேட வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். பெரிய ஆலை வருவதை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. வந்தால், அதே திறன்களைப் பயன்படுத்தக்கூடிய சிறு நிறுவனங்கள் சிலவற்றையாவது அதைச் சுற்றி வளர்ப்பதற்குத் தனியாக நேரமும் பணமும் ஒதுக்குங்கள்.

எதை அளப்பது

எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மட்டும் அறிக்கையில் எழுதினால், எல்லாரும் வரவழைப்பதிலேயே முனைவார்கள். ஒரே ஆண்டில் வந்தவர்களை ஒரு தொகுதியாகக் கொண்டு, அவர்களில் ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு முடிவில் வட்டாரத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அவர்கள் அதே நிறுவனத்தில் இருக்கிறார்களா என்பது இரண்டாம் பட்சம். துணைவர்களில் வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், வேலை மாறியவர்களில் வட்டாரத்துக்குள்ளேயே மாறியவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நான்கைந்து எண்கள் போதும். முதல் இரண்டு ஆண்டுகளில் அவை மகிழ்ச்சி தருபவையாக இருக்காது என்பதையும், நிதி தருபவர்களிடம் அதை முன்பே சொல்லிவைப்பது நல்லது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எவ்வளவு செய்தாலும் சிலர் போகத்தான் செய்வார்கள். அவர்களைக் கசப்போடு வழியனுப்பாமல், விலகும் நாளில் சான்றிதழ்களையும் பாக்கித் தொகையையும் தாமதமின்றிக் கொடுத்து, தொடர்பு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டவர்களின் பெயர்களைத் திரும்ப அழைக்க வேண்டியவர்களின் பட்டியலில் அன்றே எழுதிவிடுங்கள். ஊரையும் வேலையையும் அறிந்த அவர்களை மறுபடி பணியில் அமர்த்தும்போது, வீடு பார்ப்பது முதல் வேலை பழக்குவது வரை நீங்கள் புதிதாகச் செய்ய வேண்டியது மிகக் குறைவு.